லெஃப்ட் அவுட்டுக்கு ஒரே கேள்வி

1936, சாரல் சமயம். தென்காசிப் பந்தாட்டக் கிளப்புக்கு இடது ஓரத்தில் ஓட ஒரு லெஃப்ட் அவுட் தேவைப்பட்டான். புதுச் செயலாளர் வல்லிநாயகம் இரண்டு பேரைப் பிடித்து வந்தான்.

"அண்ணாச்சி, சங்கரபாண்டி காத்தாப் பறக்கான். ஆறுமுகத்துக்குக் கால்லயே பந்து ஒட்டிக்கிடுது. யார எடுக்கட்டும்?"

தலைவர் சிவசைலம் இருவர் காதோடும் ஒரே கேள்வியைக் கேட்டார். இருவரும் இல்லையென்று தலையாட்டினார்கள்.

"ரெண்டு பேரும் வேண்டாம்லே. குத்தாலத்துல எண்ணெய் தேய்க்கிற நயினார எடுத்தாச்சு."

"அவன் பந்தத் தொட்டதே கிடையாதே!"

ஞாயிற்றுக்கிழமை அச்சன்புதூரோடு ஆட்டம். ஐந்தாவது நிமிஷமே பந்து இடது கோட்டைத் தாண்டி, மைதானத்தை ஒட்டிய குளத்தில் விழுந்தது. நயினார் தொபுக்கென்று குதித்து நீந்தி எடுத்து வந்தான். இப்படிப் பதினோரு தடவை.

"ஏழு கோல்ல தோத்துட்டோமே, அண்ணாச்சி!"

"தோத்தா என்னலே? இருக்கது ஒத்தப் பந்து. இன்னைக்குத்தான் மொத தடவையா கடைசி விசில் வரைக்கும் ஆடியிருக்கோம்!"