மிஸ்ஸிங் அடிக்கும் நெஞ்சு

கால்நடை மருத்துவமனை மேசையில் மயக்கம் தெளியாமல் கிடக்கிறது மெக்கானிக்கின் செவலை நாய். தொண்டையை அடைத்திருந்த எலும்புத்துண்டு இப்போது தட்டில் இருக்கிறது. நீலம் பாரித்த நாக்கு மெல்லச் சிவக்கிறது. ஆனால் இதயத்துடிப்பைக் காட்டும் பெட்டியில் கேட்கும் சத்தம் சீராக இல்லை; மெக்கானிக் அதன் பக்கம் குனிகிறான். நாலு துடிப்பு வேகமாக, அடுத்த ரெண்டு ஆற அமர.

"டாக்டரம்மா, பழுதான இஞ்சின் மாதிரி மிஸ்ஸிங் அடிக்குதே."

டாக்டர் கையுறையைக் கழற்றியபடி சிரிக்கிறார். "நெஞ்சப் பாருங்க. மூச்சை இழுக்கிறப்ப வேகம், விடுறப்ப நிதானம். நல்லா இருக்கிற நாய்க்கு இப்படித்தான். ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சப்பதான் இதயம் ஒரே சீரா, தலைதெறிக்க ஓடுச்சு."

கிரீஸ் படிந்த கையை அதன் விலாமேல் வைக்கிறான். விலா ஏறும்போது துடிப்பு விரைகிறது, இறங்கும்போது தயங்குகிறது. காலமெல்லாம் இஞ்சின்களைச் சீராக ஓடவைத்தவன், இது மட்டும் சீராகிவிடக் கூடாதே என்று காதைக் கொடுத்து நிற்கிறான்.