கவர் பிடிக்க ஓர் ஆள்

ரேடியேட்டரைக் கழற்றிய லாரியின் முன்பக்கத்தில் வெயில் நேராக விழுகிறது. எஞ்சினில் புதிதாகப் போட்ட கேம்ஷாப்ட்டின் பல்சக்கரமும் கீழேயுள்ள கிராங்க் சக்கரமும் புள்ளியோடு புள்ளி சேர்ந்து நிற்பதை மெக்கானிக் தமிழரசு இன்னொரு தரம் விரல் வைத்துப் பார்த்துக்கொள்கிறான். இனி இந்தச் சக்கரங்களை மூடும் டைமிங் கவரை மாட்டிவிட்டால் பெரிய வேலை முடிந்தது. பழைய கேம்ஷாப்ட் தேய்ந்துவிட்டதென்று வண்டியை இந்த நாமக்கல் பட்டறையில் விட்டுப்போன தங்கசாமி, புதுசு வந்து சேர்வதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார். வண்டியை வாங்கிய வாழப்பாடிக்காரர் சாயங்காலம் வந்து ஓட்டிப்போகிறார். தங்கசாமியின் மனைவி பாவாயி கேபினில் ஏறி, சாமி படத்தையும் அவருடைய சீப்பையும் துண்டையும் மஞ்சள் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். பசை தடவிய கேஸ்கெட் அட்டை நழுவாமல் கவரைத் தூக்கிப் பொருத்திய தமிழரசு, போல்ட்டை எடுக்க ஒரு கையை நீட்டியபடியே, தங்கசாமி கூடவே நின்று பிடித்துக்கொடுத்த பன்னிரண்டு வருசப் பழக்கத்தில், "அண்ணா, கொஞ்சம் புடிச்சுக்குங்க" என்கிறான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்கிறான். மேலே பையின் சலசலப்பு நின்றுபோகிறது. பாவாயி இறங்கி வருகிறாள். கையில் கிரீஸ் ஒட்டுமென்று அவன் சொல்ல வாயெடுப்பதற்குள், இரண்டு உள்ளங்கைகளையும் கவரின் மேல் வைத்து அழுத்துகிறாள்.

"இப்படிப் புடிச்சாப் போதுங்களா தம்பி?"

"போதுங்க அக்கா."

எதிரெதிர் போல்ட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கிக்கொண்டு வருகிறான். கடைசி போல்ட்டும் இறுகிவிடுகிறது.

"கையை எடுத்துருங்க அக்கா. இனி தானா நிக்கும்."

"ஆமாங்க தம்பி," என்கிறாள் பாவாயி. கையை எடுக்கவில்லை.