நடுவுலதான்

நோன்பின் கடைசி நாள். ஈப்போ வெயிலில் முன்கூரைத் தகரம் விட்டுவிட்டு டப்பென்று வெடிக்கிறது. அதன் கீழே பானெட்டைத் திறந்துபோட்ட கார் உறுமிக்கொண்டு நிற்கிறது. ருஸ்டி குனிந்து ஒவ்வொரு ரப்பர் குழாயாக டார்ச் அடித்துப் பார்க்கிறான். அடியில் விரித்த அட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஆனால் காலையில் ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீரில் பாதியைக் காணோம். "ஊரே நோன்பு. இந்தச் சனியன் மட்டும் விடிஞ்சதுலேர்ந்து குடிக்குது," என்று முனகி வறண்ட உதட்டைத் துடைக்கிறான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவன் மனைவி மஸ்லினா, தன் அம்மாவுக்கு எடுத்த பெருநாள் துணியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மாவுக்கு, அப்பா இறந்த பிறகு இது முதல் பெருநாள்; இன்று ராத்திரிக்குள் போய்ச் சேர வேண்டும். "சூடு காட்டுற முள்ளு எங்க நிக்குது?" என்று ருஸ்டி குரல் கொடுக்கிறான். "நடுவுலதாங்க." அவள் கண்ணெதிரே முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. "இப்ப?" "அதே நடுவுலதான்." அவள் விரல்கள் துணியின் ஓரத்தைச் சுருட்டுகின்றன, பிரிக்கின்றன, மறுபடி சுருட்டுகின்றன. ருஸ்டி மேல்குழாயைத் தொட்டுச் சுரீரென்று கையை உதறுகிறான். நிமிர்ந்து, பானெட்டின் ஓரமாக எட்டிக் கண்ணாடி வழியாக அவளைப் பார்க்கிறான். "நடுவுலதாங்க," என்கிறாள் அவள், அவன் கேட்காமலேயே. என்ஜினை அணைக்கச் சொல்கிறான். உள்ளே தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. குழாயடிக்குப் போய்ப் பெரிய போத்தல்களாக நிரப்பி, ஒவ்வொன்றாகப் பின்பெட்டியில் அடுக்குகிறான். "சூடு ஆறட்டும், கிளம்பலாம். வழியில முள்ளை நான் பாத்துக்கறேன். நீ ஜன்னலைப் பாத்துட்டு வா."