டமால் மாப்பிள்ளையின் மாவு மூட்டை

"தலை! தலை! தலையைப் பிடிங்க!"

குழந்தைப் பொருட்கள் கடையே திரும்பிப் பார்த்தது.

விற்பனைப் பெண் பதறிப்போய்த் தன் கையிலிருந்ததைப் பார்த்தாள். துண்டில் சுற்றிய மாவு மூட்டை அது.

"சார்... இதுல தலை எது?"

"முடிச்சு இருக்கு பாருங்க, அது கால். அதுக்கு எதிர்ப்பக்கம் தலை" என்று பொறுமையாக விளக்கினார் அவர்.

நிறைமாத வயிற்றோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு, பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

அவருக்கு லிப்ட் கம்பெனியில் வேலை. எந்தப் புது லிப்ட்டாக இருந்தாலும் மணல் மூட்டைகளை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் ஆளை ஏறவிடுவார். வேலையிடத்தில் அது சரி. பிள்ளைக்குத் தள்ளுவண்டி வாங்க வந்த இடத்திலுமா?

மூட்டையை ஒரு வண்டியில் படுக்கவைப்பார். தூக்குவார். தோளில் போட்டு முதுகைத் தட்டுவார். மாவுக்கு முதுகு எது என்று அவருக்குத்தான் வெளிச்சம். அப்புறம் உதட்டைப் பிதுக்கி, "ம்ஹூம், இன்னும் சரியா வரலை" என்பார். அடுத்த வண்டி. அதற்கடுத்துத் தொட்டில். குளிப்பாட்டுகிற தொட்டியைக்கூட விடவில்லை.

விற்பனைப் பெண் அவரை விட்டுவிட்டு மனைவியிடம் வந்தாள்.

"மேடம், இது பாருங்க. பிள்ளையைத் துடைக்கிற ஈரத்துணியைச் சூடு பண்ற பெட்டி. ரொம்ப உபயோகமானது."

"சூடு அதிகமாயிட்டா?"

"அதை ஆத்துறதுக்குக் குட்டி ஃபேன் இருக்கு மேடம். அதுவும் ரொம்ப உபயோகமானது."

இதற்குள் ஓர் அம்மாள் நடைபாதையில் நின்று துண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "அடடா, என்ன சமத்து! அழவே இல்லையே! மூக்கும் முழியும் அப்படியே அப்பாதான்!"

"ரொம்ப நன்றிங்க" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, நான் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கேன். வீட்டுல ஒரு தொட்டில் கிடையாது, ஒரு வண்டி கிடையாது. நீங்க பாட்டுக்கு எல்லாத்துக்கும் நொட்டை சொல்லிட்டிருந்தா, பிள்ளையைச் சுருட்டி உங்க டிபன் பையிலயா வைக்கிறது?"

"இரும்மா. இன்னும் ஒரே ஒரு தடவை."

கஞ்சத்தனம்தான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள். வாங்க மனசில்லாதவனுக்குக் குறையா கிடைக்காது?

அவள் பிறந்த வீட்டில் இவருக்குப் பேரே 'டமால் மாப்பிள்ளை'. மாமனாரின் கண்ணாடி ஜாடி, மச்சினனின் புதுப் போன் என்று இவர் கைக்கு வந்ததெல்லாம் தரைக்குப் போயிருக்கிறது. போன மாதம் விருந்தாளிகளுக்குக் காப்பி எடுத்து வந்தவர், தட்டோடு அத்தனை கோப்பையையும் போட்டு உடைத்தார். அன்றைக்கு அவள்தான் சொன்னாள்: "யம்மாடி! எதை வேணும்னாலும் இவர் கையில குடுப்பேன், பிள்ளையை மட்டும் குடுக்கவே மாட்டேன்!" எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

போதாக்குறைக்கு இப்போது வீட்டில் எலித் தொல்லை வேறு. விடிந்தால் அடுப்படித் தரையெல்லாம் மாவு. பொறி வைத்துப் பார்த்தாள், ஒன்றும் சிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூனையை இரவல் வாங்கி வந்தாள். எலி பயந்ததோ இல்லையோ, இவர் கையெல்லாம் கீறல். கேட்டால் லிப்ட் கம்பி கிழித்துவிட்டது என்பார்.

"இன்னும் சரியா வரலை" என்று அவர் மறுபடி முனகியதும் விற்பனைப் பெண் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"சார், எங்ககிட்ட இதுக்கு மேல வண்டி இல்ல. உங்க மூட்டை எல்லாத்துலயும் படுத்து எழுந்தாச்சு. என்ன குறைன்னாவது சொல்லுங்க, கம்பெனிக்குச் சொல்லிடறோம்."

அவர் திருதிருவென்று விழித்தார். "குறையா? வண்டியெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு."

"அப்ப சரியா வரலை, சரியா வரலைன்னு எதைச் சொன்னீங்க?" மனைவி எழுந்தே விட்டாள்.

அவர் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"என் கையை. மேஜையிலிருந்து தூக்கிப் பழகிட்டேன். வண்டியில, தொட்டில்ல குனிஞ்சு எடுக்கிறப்பதான் கொஞ்சம் வழுக்குது."

"எப்பப் பழகினீங்க?"

"நீ தூங்கினப்புறம். நம்ம வீட்டுல எலியே இல்லம்மா. அது நான்தான்."

"அப்ப இந்தக் கீறல்?"

"மூட்டை சும்மா கிடக்குது. பிள்ளை கையைக் காலை உதைக்குமே? அதான் பூனையைத் தூக்கிப் பார்த்தேன்."

விற்பனைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. விருந்தன்று அவரும் கூடச் சேர்ந்து சிரித்தாரே, அது இப்போதுதான் அவள் நெஞ்சில் தைத்தது.

"இன்னைக்கு எத்தனை தடவை கீழ போட்டீங்க?"

"ஒரு தடவைகூட இல்ல!" பரீட்சையில் தேறிய பையனைப் போல் நிமிர்ந்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விற்பனைப் பெண்ணிடம் திரும்பினாள்.

"முதல்ல பார்த்த வண்டியையே குடுங்கம்மா. அவசரமில்ல, மெதுவா அனுப்புங்க. கொஞ்ச நாளைக்கு அது சும்மாதான் நிக்கும். பிள்ளை அவங்க அப்பா கையிலதான் இருக்கும்."