மஞ்சள் துணி

கையில் எந்தக் கண்ணாடி வந்தாலும் முதலில் துடைத்துவிடுவது ஜமாலின் வழக்கம். மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருடம் பழகிய கை. அன்று கடைக்கு வந்த ஒரு அம்மாள் கைக்குட்டையைப் பிரித்து, ஆண்கள் போடுகிற கண்ணாடி ஒன்றை நீட்டி, "காம்பு ஆடுது பாய், திருகாணியை மட்டும்..." என்று சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் துணி இரண்டு வில்லைகளையும் சுற்றி வந்துவிட்டது.

"இவ்வளவு அழுக்கோட சார் எப்படிம்மா பஸ் நம்பர் பாக்குறாரு?" என்று சிரித்தார் ஜமால்.

அவள் சிரிக்கவில்லை.

"இடது பக்கம் அவர் கட்டைவிரல் ரேகை இருந்துச்சு. அவர் போய் ஏழு மாசமா யாரையும் தொட விடல."

ஜமால் திருகாணியை முடுக்கிக் கொடுத்தார். அவள் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது.

"அந்தத் துணியைக் குடுப்பீங்களா பாய்?"

காலையிலிருந்து முப்பது பேர் கண்ணாடியைத் துடைத்த துணி. அதைச் சொல்லாமல் மடித்துக் கொடுத்தார். அவள் கைக்குட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜமாலுக்குப் பார்வை மங்கலாக இருந்தது. தன் கண்ணாடியைக் கழற்றினார். இடது வில்லையில் ஒரு கட்டைவிரல் ரேகை. தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரேகை அதைவிட அகலமாக இருந்தது.

கண்ணாடியைக் காம்பில் பிடித்தபடி அவளைத் தேடித் தெருவுக்கு ஓடினார். போட்டுக்கொள்ளத் துணிவு வரவில்லை. போடாத கண்ணுக்கு, தெருவில் போகிற எல்லோரும் ஒரே மாதிரி தெரிந்தார்கள்.