மருந்துக்கடைக்காரர் வீட்டு நெட்

மகள் மறுபடியும் பாதிச் சொல்லில் நின்றுவிட்டாள்.

வாய் லேசாகத் திறந்தபடி, கண் எங்கோ பார்த்தபடி, கைப்பேசித் திரையில் அப்படியே நின்றாள். மனைவி ‘ஹலோ ஹலோ’ என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அழைப்பே அறுந்துபோனது.

ஸ்டூடியோக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்துபோய் மோடத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அதன் பச்சை விளக்குகள் ஒன்றும் அறியாத பிள்ளைகள் மாதிரி கண்சிமிட்டின.

கல்யாணமாகி வெகு தூரத்து ஊருக்குப் போனவள். ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமென்றால், இப்போது வேண்டாம் அப்பா, வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்பாள். அடுத்த தடவை வேறொன்று சொல்வாள். ஆகக்கூடி இந்தக் கைப்பேசிதான் கதி.

நாள் முழுக்கப் பாஸ்போர்ட் படம் எடுத்து, பிறத்தியார் முகத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிற மனிதர் அவர். பெற்ற மகளின் முகம் மட்டும் அவருக்குக் கட்டம் கட்டமாகக் கலங்கித்தான் வந்து சேர்ந்தது. இளைத்திருக்கிறாளா, பூசினாற்போல் இருக்கிறாளா, போன இடத்தில் சந்தோஷமாக இருக்கிறாளா? ஒன்றும் பிடிபடவில்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டார். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று விரலைத் தேய வைத்தார்களே தவிர, புகார் கிணற்றில் போட்ட கல்லாகவே கிடந்தது. ஒருவழியாக லைன்மேன் வந்தார். கம்பியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். வேகம் கொஞ்சம் மட்டம்தான், ஆனால் படம் இப்படி நிற்கிற அளவுக்கு மோசமில்லை, கோளாறு மகள் வீட்டுப் பக்கம் இருக்கலாம் என்றார்.

தங்கள் வண்டவாளத்தை மறைக்க அவள் வீட்டின்மேல் பழி போடுகிறான் பார் என்று ஸ்டூடியோக்காரர் கொதித்தார். கம்பெனியை மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று.

எந்தக் கம்பெனிக்கு மாற்றுவது? விளம்பரங்களை அவர் சீந்தவில்லை. வருகிறவர் போகிறவர் முகத்துக்கெல்லாம் பவுடர் போட்டு அனுப்புகிறவர், அடுத்தவன் போட்ட பவுடரை நம்புவாரா? கண்ணால் பார்த்தால்தான் ஆயிற்று என்று கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், அவரவர் வீட்டு நெட்டில் மகளை அழைத்துப் பார்த்தார். மானமே போகிறது என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மாடிவீட்டு டியூஷன் டீச்சரின் நெட்டில் குரல் கரகரத்தது. எதிர்வீட்டுத் தையல்காரரின் நெட்டில் குரல் சரி, முகம் மங்கல். மருந்துக்கடைக்காரர் வீட்டில்தான் அதிசயம் நடந்தது. படம் கண்ணாடி மாதிரி வந்தது. மகள் அந்த வீட்டு அம்மாளிடம் நலம் விசாரித்தாள், சின்ன வயதில் இருமல் மருந்தைத் துப்பிவிட்டு ஓடியதைச் சொல்லிச் சிரித்தாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஸ்டூடியோக்காரர் அவர்கள் வீட்டு வாசலில் நின்றபடியே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

புதுக் கம்பி வந்தது. புதுப் பெட்டியும் சுவரில் ஏறியது. அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கால் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை.

மகள் வந்தாள்.

அப்பப்பா, என்ன தெளிவு! நெற்றியோரத்து முடியைக்கூட எண்ணிவிடலாம். ஆனால் நன்றாக இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. என்னம்மா இது என்று அவர் கேட்க வாயெடுப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

“மாப்பிள்ளை எங்கம்மா? ஆளே கண்ணுல பட மாட்டேங்கறாரே. கூப்பிடு, ஒரு வார்த்தை பேசிக்கறேன்.”

மகள் ஏதோ சொல்ல ஆரம்பித்து, நின்றுவிட்டாள்.

வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதையாகிவிட்டதே என்று மனைவி புதுக் கம்பெனியையும் வைய ஆரம்பித்தாள். எப்போதும் இந்தக் கேள்விக்குத்தான் இது காலை வாருகிறது என்று புலம்பிக்கொண்டே, பெட்டியை அணைத்துப் போட எழுந்தாள்.

ஸ்டூடியோக்காரர் எழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளின் கையில் ஒரு கோப்பை இருந்தது. அதிலிருந்து ஆவி நிதானமாக மேலே போய்க்கொண்டிருந்தது.

கழுத்தோரத்தில் ஒரு நரம்பு துடித்தது. இமைகள் கொட்டிவிடாமலிருக்கப் படாத பாடு பட்டன.

படம் நிற்பது வேறு. ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு. காமிராவுக்குப் பின்னாலேயே காலத்தைக் கழித்தவருக்கு அது தெரியாமல் போகுமா?

பெட்டியை நோக்கிப் போன மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு திரைக்குக் கிட்டே குனிந்தார். கடையில் படம் எடுத்து முடித்ததும் எதிரே விறைத்து உட்கார்ந்திருப்பவர்களிடம் சொல்வதைத்தான் மகளிடமும் சொன்னார். குரல் மட்டும் பிசிறியது.

“போதும் கண்ணு. மூச்சு விட்டுக்கோ.”

மகளின் தோள்கள் இரண்டும் மெல்ல இறங்கின.