பின் பிரேக்

மங்களூர்க்காரர் ஒருவர் விட்டுப்போயிருந்த பைக்கின் பின்சக்கரத்தருகே குந்தியிருந்தார் மெக்கானிக் பெள்ளியப்பா. மகள் போஜம்மா பிரேக் பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தாள்.

"கொழகொழன்னு அமுங்குதுப்பா."

"எங்கேயும் ஒழுகல. பிரேக் பேடும் புதுசு. ஆயில் குழாய்க்குள்ள காத்து புகுந்திருக்கு. அமுக்கிப் பிடி, சொல்றவரை விடாதே."

அவர் பிரேக்கின் நிப்பிள் திருகைத் தளர்த்தியதும், அதில் மாட்டியிருந்த டியூபில் ஆயில் குமிழிகளோடு வந்தது. மூடினார்.

"இப்ப விடு."

குமிழிகள் நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். குறைந்த அளவுக்குப் புது ஆயிலும் ஊற்றினார். பெடல் கெட்டியானது.

"இவ்வளவு பாக்கணுமாப்பா? முன் பிரேக் நல்லாத்தானே இருக்கு?"

"மடிக்கேரியிலிருந்து மலை இறங்கணும். மழை வேற. பின்னாடி ஆள் இருந்தா ரெண்டு பிரேக்கும் வேணும்."

"அவர் தனியாத்தானே வந்தாரு?"

"வந்தது தனியா. விடியக்காலைல நீயும்ல கூடப் போறே?"

போஜம்மா பெடலிலிருந்து கையை எடுத்தாள். தன் கட்டிலுக்கடியில் தயாராக இருந்த பையை இவர் எப்போது பார்த்தார்?

பெள்ளியப்பா கையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த நேரம் மலையில ஒரே மூடுபனி. விலகட்டும். அவனை வீட்டுக்கு வரச் சொல்லு. சூடா கடம்புட்டும் கறியும் சாப்பிட்டுட்டு, ரெண்டு பேரும் வாசல் வழியாவே போங்க."